திதி போட்ட ஃபில்டர்

"டேட்டா சொல்லுது"ன்னு யாராவது ஆரம்பிச்சா எனக்கு உச்சந்தலையில பத்திக்கும். எங்க ஆபரேஷன்ஸ் மேனேஜருக்கு அதுதான் காலை வணக்கம். காபியை உறிஞ்சிக்கிட்டே சொல்வார், லிஃப்ட்டுக்கு நிக்கும்போது சொல்வார், முதலாளி கேட்காத கேள்விக்கெல்லாம் அதையே பதிலாச் சொல்வார். மரியாதைக்கு 'சொல்வார்'னு எழுதறேன், மனசுக்குள்ள வேற விதமாத்தான் ஓடுது. டேட்டா எதுவும் சொல்லாது சாமி. அது பாட்டுக்குக் கிடக்கும். நாமதான் அது முன்னாடி உட்கார்ந்து இதைக் காட்டு, அதை மறைன்னு பொத்தானை அழுத்தறோம். மறைக்கிற வேலைக்குத்தான் ஃபில்டர்னு பேரு.

நான் திருச்சியில ஒரு சூப்பர் மார்க்கெட்டோட தலைமை ஆபீஸ்ல இருக்கேன். மளிகை, காய்கறி, சோப்பு, சீப்பு எல்லாம் விக்கிற கடை. உறையூர்ல ஒரு கிளை, எடமலைப்பட்டி புதூர்ல ஒரு கிளை, ஸ்ரீரங்கத்துல ஒரு கிளை, இன்னும் ஒண்ணு ரெண்டு. எந்தக் கவுன்டர்ல பில் போட்டாலும் அது என் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். யார் வாங்கினாங்க, என்னைக்கு வாங்கினாங்க, எதோட எதைச் சேர்த்து வாங்கினாங்கன்னு பிரிச்சுப் படம் போட்டுக் காட்டறது என் வேலை. வீட்டுல கேட்டா, "கம்ப்யூட்டர்ல என்னமோ கோடு போடறா"ன்னு அம்மா சொல்லும். அதை விட நல்லா என்னாலயும் சொல்ல முடியாது.

மேனேஜர் சென்னையிலேர்ந்து வந்தவர். வந்த முதல் வாரமே என் சீட்டுக்குப் பக்கத்துல நாற்காலியைப் போட்டுக்கிட்டு, "மேடம், தூங்கற சரக்கை எல்லாம் எடுத்துடணும்"னார். தூங்கற சரக்குன்னா, மாசத்துல பாதி நாளாவது விக்காத பொருள். அதுக்கு ஒரு ஃபில்டர் போடச் சொன்னார். போட்டேன். அந்த ஃபில்டரை எல்லாப் பக்கத்துக்கும் பொதுவா வைக்கச் சொன்னார். அங்கதான் எனக்கு உறுத்துச்சு.

"சார், பொதுவா வச்சா அந்தப் பொருளே நம்ம கண்ணுக்குத் தெரியாமப் போயிடும். நாளைக்கு அது ஏன் விக்கலை, யார் வாங்கினாங்கன்னு பாக்கணும்னா..."

"எதுக்குப் பாக்கணும்? விக்காததைப் பாத்து என்ன செய்யப் போறீங்க?"

"எல்லாக் கிளைக்கும் ஒரே அளவுகோல் எப்படி சார்?"

"மேடம், டேட்டாவுக்கு ஊர் கிடையாது" அப்படின்னார். சொல்லிட்டு, ஏதோ பெரிய தத்துவம் சொன்ன மாதிரி தாடையைத் தடவிக்கிட்டார். டேட்டாவுக்கு ஊர் கிடையாதாம்! பில்லுல முதல் வரியிலேயே கிளை பேரு இருக்கு, அதைப் படிக்கக்கூட ஆளுக்குப் பொறுமை இல்லை. ஃபில்டர் என்ன மந்திரமா? டீ வடிகட்டி மாதிரிதான் அது. ஓட்டை எவ்வளவு பெருசுன்னு முடிவு பண்றது நாமதான். சண்டை போட்டுப் பாத்தேன். கேட்கலை. அவர் சொன்ன மாதிரியே வச்சேன், சம்பளம் வாங்கறோமே.

மாசக் கடைசியில ஒவ்வொரு கிளைக்கும் நிறுத்த வேண்டிய பொருளோட லிஸ்ட் போச்சு. உறையூர்ல நல்லாத்தான் ஆச்சு, அதை மறைக்க மாட்டேன். யாரும் தொடாத சாஸ் பாட்டில், காலாவதி ஆகப் போற பிஸ்கட்டு எல்லாம் ஒழிஞ்சு, அந்த இடத்துல அரிசி மாவு வச்சாங்க, அள்ளிக்கிட்டுப் போச்சு. புதூர்லயும் அப்படித்தான். மேனேஜர் நெஞ்சை நிமித்திக்கிட்டு நடந்தார். ஸ்ரீரங்கத்துல மட்டும் கோடு கீழே இறங்க ஆரம்பிச்சுது. ஒரு மாசம் இறங்குச்சு, அடுத்த மாசம் இன்னும் கொஞ்சம், அதுக்கடுத்த மாசம் மளமளன்னு.

"பாருங்க மேடம், செத்துக்கிட்டிருக்கு" அப்படின்னார். குரல்ல ஒரு சந்தோஷம். "ஸ்ரீரங்கத்து கஸ்டமருக்கு விசுவாசம் கிடையாது. இன்னைக்கு நம்ம கடை, நாளைக்கு எதிர்க் கடை. மார்ச்சோட மூடிடலாம். டேட்டா சொல்லுது."

எனக்குத் திக்குன்னு ஆச்சு. ஏன்னா அந்தக் கிளைக்கு இன்சார்ஜ் என் கூட்டாளி. காலேஜ்ல மூணு வருஷம் ஒரே பெஞ்சு. என் டிபன் பாக்ஸை அவளும் அவ டிபன் பாக்ஸை நானும் காலி பண்ணி வளர்ந்தவங்க. புருஷன் விட்டுட்டுப் போனதுக்கு அப்புறம், அவளுக்கும் காலேஜ் சேரப் போற பொண்ணுக்கும் அந்த வேலைதான் சோறு. அந்த வேலையை வாங்கிக் குடுத்ததே நான்தான். கடை மூடினா மருங்காபுரியில இருக்கிற பருப்பு குடோனுக்கு மாத்தறோம்னு சொல்லியிருந்தாங்க. ஸ்ரீரங்கத்துல வாடகை வீடு, பக்கவாதம் வந்து படுத்திருக்கிற அம்மா, இவ தினமும் அவ்வளவு தூரம் போய் பருப்பு மூட்டை எண்ணிட்டு வருவாளா? போக மாட்டான்னு தெரிஞ்சுதான் அந்த இடத்தைச் சொல்றாங்க. நிறுத்தறோம்னு சொல்ற தைரியம் இல்லாதவங்க பண்ற வேலை அது.

விஷயம் தெரிஞ்ச அன்னைக்கு அவளே போன் பண்ணினா.

"நீதானே அந்தப் படத்தைப் போட்டே?"

"போட்டது நான்தான்டி. ஆனா..."

"ஆனா என்ன ஆனா? என் கடை செத்துப்போச்சுன்னு நீ கலர் அடிச்சுக் குடுத்திருக்கே. செவப்புக் கலர். எனக்கு எல்லாம் தெரியும்."

"கொஞ்சம் கேளேன்டி..."

"வைடி போனை." அவளே வச்சுட்டா. அதுக்கப்புறம் பத்துத் தடவை கூப்பிட்டேன், எடுக்கலை. வாட்ஸ்அப்ல அவ போட்டோவே எனக்குத் தெரியாம பண்ணி வச்சிருந்தா. காலேஜ்ல ஒரு பேனாவுக்காக ஒரு வாரம் பேசாம இருந்தவ, இதுக்குப் பேசுவாளா?

கோபம் அவ மேல வரலை. மேனேஜர் மேலதான் வந்துச்சு. அன்னைக்கு மத்தியானம் அவர் சாப்பிடப் போன நேரத்துல அந்தப் பொது ஃபில்டரைக் கழட்டி எறிஞ்சேன். போன வருஷத்து பில்லை எல்லாம் முழுசா இறக்கினேன். ஸ்ரீரங்கம் கிளையை மட்டும் வச்சுக்கிட்டு, முன்னாடி ஒழுங்கா வந்துட்டு இப்போ வராமப் போனவங்களை மட்டும் காட்டுன்னு ஒரு ஃபில்டர் போட்டேன். பில் போடும்போது போன் நம்பர் வாங்கறோமே, அதை வச்சுத்தான். பாத்தா, கூட்டமாக் காணாமப் போயிருக்காங்க. சின்ன பில்லுக்காரங்க இல்லை. மாசா மாசம் அரிசி, பருப்பு, நெய்யின்னு வண்டி வச்சு ஏத்திக்கிட்டுப் போனவங்க.

இவங்க எல்லாருக்கும் பொதுவா என்ன இருக்குன்னு தேடினேன். அரிசி எல்லாரும் வாங்கறது, அதுல ஒண்ணும் கிடையாது. நாங்க நிறுத்தின பொருளை மட்டும் வச்சுப் பாத்தேன். அகத்திக்கீரை. போனவங்கள்ல முக்காவாசிப் பேரு பில்லுல அகத்திக்கீரை. கூடவே நெல்லிக்காய், சுண்டைக்காய். இந்தக் கசப்புக் கீரைக்கு இத்தனை அடிமையான்னு எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஆனா அது தினமும் விக்கலை. ஒரு நாள் எகிறுது, அப்புறம் ரெண்டு வாரம் போல செத்த மாதிரி கிடக்கு, மறுபடி எகிறுது.

எந்த நாள்? அதுதான் பிடிபடலை. கிழமை ஃபில்டர் போட்டேன். ஒரு தடவை செவ்வாய், அடுத்தது புதன், அதுக்கடுத்தது வெள்ளி. ஏழு கிழமையும் ஒரே உயரத்துல பல்லை இளிச்சுக்கிட்டு நின்னுச்சு. தேதி ஃபில்டர் போட்டேன். அதுவும் அப்படியே. சம்பள நாளா? இல்லை. லீவு நாளா? இல்லை. சாஃப்ட்வேர்ல வருஷம், மாசம், வாரம், கிழமைன்னு எத்தனை வகை இருக்கோ அத்தனையும் போட்டு அழுத்திப் பாத்தாச்சு. கர்மம், இது என்ன சனியன் பிடிச்ச கீரைன்னு மவுஸைத் தட்டினேன். பக்கத்து சீட்டுக்காரர், "கீரை வாங்கறவங்களுக்கு வயித்துல ஏதாவது கோளாறா இருக்கும்"னார். எனக்கு அப்போ சிரிக்கிற நிலைமை இல்லை.

ரெண்டு வாரத்துக்கு ஒருதரம்ங்கிற கணக்கு மட்டும் ஓரளவுக்கு நின்னுச்சு. அதை வச்சுப் பாத்தா அடுத்தது அந்த வாரமே வரணும். லீவு போட்டுட்டு ஸ்ரீரங்கத்துக்கு ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினேன். பாலத்துல வழக்கம் போல நெரிசல். காவிரியில தண்ணி வந்திருக்குன்னு எல்லாரும் ஜன்னல் வழியா எட்டிப் பாத்தாங்க, எனக்கு எதையும் பாக்கத் தோணலை. போய் என்ன பேசறது, எப்படி ஆரம்பிக்கிறதுன்னு மனசுக்குள்ளேயே ஒத்திகை பாத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைக்குள்ள நுழைஞ்சதும் என் கூட்டாளி நிமிர்ந்து பாத்தா. பாத்துட்டு, கவுன்டர்ல இருந்த பொண்ணுக்கிட்ட, "தலைமை ஆபீஸ்லேர்ந்து மேடம் வந்திருக்காங்க, நாற்காலி போடு"ன்னா. மேடமாம். மூணு வருஷம் என் சட்னியை நக்கினவ.

"நாற்காலி வேணாம். உன்கிட்ட பேசணும்டி."

"சொல்லுங்க மேடம்."

"நான் மூடச் சொல்லலை. நான் அந்த ஆளுகிட்ட சண்டை போட்டேன்."

"போட்டு? என் பொண்ணு காலேஜ்ல சேர்றதுக்கு உன் சண்டை ஃபீஸ் கட்டுமா?" கண்ணு கலங்கியிருந்துச்சு. உடனே துடைச்சுக்கிட்டா. "கடை ஏன் இப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியாதுன்னா நினைக்கறே? உத்திர வீதிப் பக்கம் ஒரு பெரிய கடை வந்திருக்கு. ஏசி போட்டிருக்கான். எல்லாரும் அங்க போறாங்க. உனக்குப் பெருசாத் தெரிஞ்சா நீயே கவுன்டர்ல நின்னு பாரு."

நின்னேன். ரோஷம்தான். நம்பர் கேட்டா திட்டு, பை இல்லைன்னா திட்டு, சில்லறைக்குப் பதிலா சாக்லேட் குடுத்தா அதுக்கும் திட்டு. "உங்க ஆபீஸ்லேர்ந்து எத்தனை மெசேஜ் அனுப்புவீங்க? மனுஷன் தூங்க வேணாமா?"ன்னு ஒருத்தர் போனையே என் மூஞ்சிக்கு நேரா நீட்டினார். கஸ்டமரைப் புரிஞ்சுக்கணும்னு ஏசி ரூம்ல உட்கார்ந்து மீட்டிங் போடறோமே, அவங்க எங்களை எப்பவோ புரிஞ்சுக்கிட்டாங்க.

வெயில் சாயற நேரத்துக்கு ஒரு மாமி வந்தாங்க. மடிசார், கையில ஒயர் கூடை. நேரா காய்கறிப் பக்கம் போய்ப் பாத்துட்டு, எதையும் எடுக்காம எங்கிட்ட வந்தாங்க.

"ஏண்டிம்மா, அகத்திக்கீரை இன்னிக்கும் கிடையாதா?"

"இல்லை மாமி, இப்போ அது வர்றதில்லை" அப்படின்னேன்.

"வர்றதில்லையா? நாளைக்கு துவாதசி. பாரணைக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய் இல்லாம நான் என்னத்தைத் தளிகை பண்றது? ஏகாதசி உபவாசம் இருந்துட்டு உங்க பிஸ்கட்டைத் திங்கச் சொல்றேளா?"

"மாமி, மத்த காய் எல்லாம் இருக்கே..."

"மத்ததுக்கு உங்ககிட்ட ஏன் வரணும்? கீரைக்கு வேற கடைக்குப் போறச்சே அரிசியையும் அங்கேயே வாங்கிண்டு போயிடறேன். நாலு மாசமாக் கேட்டுண்டு இருக்கேன், ஒரு மனுஷாளுக்குக் காது இல்லை. ஸ்ரீரங்கத்துல கடை வெச்சுண்டு துவாதசி தெரியலைன்னா, எதுக்கு இங்க வந்தேள்?" கூடையை இடுக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. ஒரு உப்புப் பாக்கெட்டுகூட வாங்கலை.

எங்க வீட்டுல தவக்காலம் வந்தா அம்மா கறிக்கடைப் பக்கமே தலை வைக்காது. சாம்பல் புதன்லேர்ந்து ஈஸ்டர் வரைக்கும் கத்திரிக்காய்தான், முருங்கைக்காய்தான். அந்தச் சாம்பல் புதன் ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு தேதியில வரும். ஈஸ்டர் ஒரு வருஷம் மார்ச்ல வரும், ஒரு வருஷம் ஏப்ரல்ல வரும். எங்க மேலப்புதூர் கறிக்கடைக்காரரை ஜனவரி, பிப்ரவரின்னு மாசக் கணக்குல அளந்தா, அவர் கடையையும் மூடச் சொல்லிடுவாங்க. இது எனக்குத் தெரியாத விஷயமா? என் வீட்டுச் சட்டியிலேயே இருக்கிற விஷயம். அதை ஆபீஸ்ல உட்கார்ந்து யோசிக்கத் தோணலையே!

"ஏய், போனை எடுடி"ன்னு கத்தினேன். என் கூட்டாளி பயந்துபோய் மேடத்தை எல்லாம் மறந்துட்டா. போன்ல பஞ்சாங்கத்தை எடுத்து, நான் குறிச்சு வச்சிருந்த எகிறின நாளை ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்ல, அவ பாத்தா. ஏகாதசி. ஏகாதசி. தசமி. ஏகாதசி. துவாதசி காலையில சீக்கிரமே சாப்பிட்டாகணும், கடை திறக்கிற வரைக்கும் யாரு காத்திருப்பாங்க? அதான் முந்தின நாளே வாங்கியிருக்காங்க, சில தடவை அதுக்கும் முந்தின நாள். இன்னொரு சின்னக் குன்று தெரிஞ்சுது, அதைப் பாத்தா அமாவாசைக்கு முந்தின நாள். தர்ப்பணத்துக்கு கேரட், பீன்ஸ் ஆகாது, நாட்டுக்காய்தான். வாழைக்காய், அவரைக்காய், சேப்பங்கிழங்கு. எங்க ஆளு தூங்கற சரக்குன்னு எடுத்ததுல அந்தச் சேப்பங்கிழங்கும் ஒண்ணு.

"அடப்பாவி"ன்னா என் கூட்டாளி. "நான் எதிர்க் கடை ஏசியைத்தானேடி திட்டிக்கிட்டிருந்தேன்." எடமலைப்பட்டி புதூர்ல பொறந்து வளர்ந்தவ அவ. அவங்க வீட்டுல கறி ஆகாத நாள்னா வெள்ளிக்கிழமை ஒண்ணுதான், அவளுக்கும் இது தெரியலை. ரெண்டு பேரும் கவுன்டருக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு பைத்தியம் மாதிரி சிரிச்சோம். பில் போட நின்னவங்க, "கொஞ்சம் சீக்கிரம்"னு திட்டினாங்க.

மறுநாள் ஆபீஸ்ல உட்கார்ந்து, ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்துலயும் அன்னைக்கு என்ன திதின்னு ஒரு புது வரிசை சேர்த்தேன். கிழமைக்கு ஒரு பொத்தான் இருக்கிற மாதிரி, திதிக்கும் ஒரு பொத்தான். "வேதக்காரப் பொண்ணு பஞ்சாங்கம் பாக்குது, கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறியா?"ன்னு அக்கவுன்ட்ஸ்காரங்க கிண்டல் பண்ணாங்க. "உங்க கருமாதிக்குக் குறிக்கிறேன்"னு சொன்னேன். முழுசா முடிச்சுட்டு ஏகாதசியை அழுத்தினேன். பல்லை இளிச்சுக்கிட்டிருந்த கோடு எல்லாம் படுத்து, ஒரே ஒரு கோபுரம் எழுந்து நின்னுச்சு. சேசுவேன்னு சத்தமாவே சொல்லிட்டேன்.

முதலாளி மீட்டிங்ல அதைக் காட்டினேன். மேனேஜர் பாதியிலேயே கையைத் தூக்கினார்.

"மேடம், பிசினஸ்ல மதத்தைக் கொண்டு வராதீங்க."

"நான் கொண்டு வரலை சார். கஸ்டமர் கூடையில வச்சுக் கொண்டு வந்தாங்க. நீங்கதான் வாசல்லயே பிடுங்கிக்கிட்டீங்க."

"இது தற்செயலாக்கூட இருக்கலாம்."

"ஒரு வருஷம் முழுக்கவா? விசுவாசம் இல்லாதவங்கன்னு சொன்னீங்களே, பட்டினி கிடக்கிற நாளைக்கூட மறக்காதவங்க சார் அவங்க. அவங்களுக்கு விசுவாசம் இல்லையா, உங்களுக்குக் கண்ணு இல்லையா?"

வேலை போயிடும்னுதான் நினைச்சேன். முதலாளி அந்தக் கோபுரத்தை இன்னொரு தடவை பாத்துட்டு, "கீரையைத் திரும்பப் போடுங்க. மூடறதைத் தள்ளி வைங்க"ன்னார். அவ்வளவுதான். வெளியில வந்ததும் என் கூட்டாளிக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தா. ரெண்டு பேரும் போன்லயே மூக்கை உறிஞ்சிக்கிட்டிருந்தோம்.

கீரை வந்துச்சு. கிழங்கு வந்துச்சு. ஏகாதசியன்னைக்குக் காலையிலேயே கட்டுக் கட்டா அடுக்கி வச்சா. போனவங்க திட்டிக்கிட்டேதான் திரும்பி வந்தாங்க, "இப்பதான் புத்தி வந்துதாக்கும்"னு கேட்டுக்கிட்டே அரிசியும் வாங்கினாங்க. கோடு ஏறுச்சு. மார்ச் முடிஞ்சுது, கடை திறந்தே இருந்துச்சு. அந்த மாசம் அவ வீட்டுக்குப் போய் அவ கையால சாப்பிட்டேன். பொண்ணு காலேஜ் ஃபாரம் எல்லாம் வாங்கி வச்சிருந்துச்சு.

அதோட நிறுத்தியிருந்தா நான் எதுக்கு இதை எழுதப் போறேன்?

என் திதிப் பொத்தான் மேனேஜருக்குப் பிடிச்சுப் போச்சு. பிடிச்சுப் போச்சுன்னா, அது தன்னுதுன்னே ஆயிடுச்சு. சென்னையில ஏதோ மீட்டிங்ல அவர் பேரைப் போட்டுக் காட்டி, கைதட்டல் வாங்கிக்கிட்டு வந்தார். போகட்டும் சனியன், பேரு யாருக்கு வேணும்னு விட்டுட்டேன். அந்த சாஃப்ட்வேர்ல ஒரு வசதி இருக்கு. வரிசையை அப்படியே இழுத்துக்கிட்டுப் போய் வேற எது மேல வேணாலும் போடலாம். நான் திதியைக் கீரை மேல போட்டேன். அவர் ஆள் மேல போட்டார்.

எந்தத் திதிக்கு எத்தனை பில், அதுக்கு எத்தனை ஆள் போதும்? தசமி, ஏகாதசி, அமாவாசைக்கு முந்தின நாள், அப்புறம் பண்டிகை. அன்னைக்கெல்லாம் கவுன்டர் நிறைய ஆள். மீதி நாளைக்கு ரெண்டு பேர் இருந்தாப் போதும், அதுவும் குறைஞ்ச சம்பளத்துக்குப் புதுசா எடுத்தவங்க. பழைய ஆளுங்களுக்கு இனிமே மாசச் சம்பளம் கிடையாது, வந்த நாளுக்கு மட்டும்தான். இன்சார்ஜுக்கும் சேர்த்துத்தான். எந்த நாள் வரணும்னு போன்ல மெசேஜ் வரும்.

நான் கேபினுக்குள்ள புகுந்து கத்தினேன். என்ன கத்தினேன்னு இங்க எழுத முடியாது. அவர் குரலை உயர்த்தவே இல்லை. "கடையை மூட வேணாம்னு கேட்டீங்க, மூடலையே மேடம். கஸ்டமர் வர்ற நாளைக் கண்டுபிடிச்சுக் குடுத்தது நீங்கதான். கஸ்டமர் இல்லாத நாள்ல ஆளுக்கு அங்க என்ன வேலை?" முதலாளிகிட்ட போனேன். "கிளை பிழைச்சிருக்குல்ல, சந்தோஷப்படும்மா"ன்னு சொல்லிட்டுப் போனை எடுத்துப் பேச ஆரம்பிச்சுட்டார்.

என் கூட்டாளி போன வாரம் மத்தியானம் தலைமை ஆபீஸுக்கு வந்தா. வேற வேலை தேடிப் பாத்திருக்கா, இப்பவோ நாளைக்கோன்னு மெசேஜ் வர்றவளை எவன் சேர்த்துப்பான்? வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வெளியில வரவும் துணிச்சல் இல்லை, அம்மா மருந்து இருக்கு. என் சீட்டுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, உட்காரச் சொன்னாலும் உட்காரலை.

"அடுத்த மாசம் எனக்கு எந்தெந்த நாள் போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லு. மெசேஜ் முந்தின நாள்தான் வருது, எதையும் பிளான் பண்ண முடியலை."

திறந்தேன். ஸ்ரீரங்கத்தை அழுத்தினேன். அடுத்த மாசத்தை அழுத்தினேன். அப்புறம் அவ பேரை அழுத்தினேன். கஸ்டமருக்காக நான் கட்டின பக்கத்துல என் கூட்டாளி பேரு ஒரு பொத்தானா இருக்கு. அழுத்தினதும் மாசம் முழுக்க வெள்ளையாச்சு, அங்க ஒண்ணு இங்க ஒண்ணா கொஞ்சம் கட்டம் மட்டும் மிச்சம் இருந்துச்சு.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்டி."

அவ போன்ல ஒவ்வொரு நாளாக் குறிச்சுக்கிட்டா. குறிச்சுட்டு, திரையைப் பாத்துக்கிட்டே பேசினா. "மூடியிருந்தா ஒரு நாள் நல்லா அழுதுட்டு வேற வழியைப் பாத்திருப்பேன். இப்போ வேலை இருக்குன்னும் சொல்ல முடியலை, இல்லைன்னும் சொல்ல முடியலை. பொண்ணு காலேஜ் ஃபீஸ் கேக்கறா. ஏகாதசி வரட்டும்னு சொல்லி வச்சிருக்கேன்."

அவ பையைத் தோள்ல மாட்டிக்கிட்டா.

"நீ நல்லதுக்குத்தான் பண்ணே. எனக்குத் தெரியும். அதனாலதான்டி உன்னை அடிக்க முடியலை."

அடிச்சிருக்கலாம்.